முதல் ஷிப்ட்டுக்கு எழுப்ப ஆளில்லை

ஓசூரில் இருந்த நான்கு வருஷமும் நான் அலாரம் வைத்ததே இல்லை. சிப்காட் பக்கம், பெண்கள் ஹாஸ்டல் என்று போர்டு மாட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில், ஓர் அறைக்கு ஆறு பேர். ஆறு பேருக்கும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். எந்த நேரம் கதவைத் திறந்தாலும் யாராவது இரண்டு பேர் போர்வைக்குள் இருப்பார்கள். அங்கே ஒருத்தி அலாரம் வைத்தால் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து அவளைத் தின்றுவிடுவார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து உள்ளே வருகிறவள், வேலைக்குக் கிளம்ப வேண்டியவளை எழுப்ப வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துக் காலை ஆறே முக்காலுக்கு வருகிறவள் ஜெனரல் ஷிப்ட் போகிற என்னை எழுப்புவாள். சாயங்காலம் நான் திரும்பி வந்து, அடுத்த நைட் ஷிப்ட்டுக்குப் போகிறவளை எழுப்புவேன்.

எழுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, லைட் போடக் கூடாது. கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்ட வேண்டும். "எந்திரிச்சிட்டன்" என்று போர்வைக்குள்ளிருந்து வரும் குரலை நம்பவே கூடாது. "இன்னைக்கு என்னா டிபன்?" என்று கேட்க வேண்டும். எங்கள் மெஸ்ஸில் கிழமைக்கு ஒரு டிபன். திங்கள் இட்லி, செவ்வாய் உப்புமா, புதன் பொங்கல், வெள்ளி பூரி. அரைத் தூக்கத்தில் இருப்பவளுக்குக் கிழமை தெரியாது. சரியான பதில் வந்தால்தான் முழித்துவிட்டாள் என்று அர்த்தம். பதில் வாங்காமல் நகர்ந்து, அவள் திரும்பத் தூங்கிப் பஸ்ஸை விட்டுவிட்டால், பழி எழுப்பினவள் மேல்தான் விழும்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஓட்டை முதல் ஷிப்ட். நாலே காலுக்கு எழுந்து ஐந்து பத்துக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்நேரத்துக்கு வெளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். முதல் ஷிப்ட் விழுந்தவள் போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டு, அரைக் கண்ணை மூடியபடி கிடப்பாள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் யாரும் முழிக்க முடியாது.

என் பக்கத்துக் கட்டில்காரிக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். ஜவளகிரியைத் தாண்டி, காட்டை ஒட்டி அவள் வீடு. வீட்டில் கன்னடம், லைன் சூப்பர்வைசரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். எழுப்பும்போது மட்டும் அவளுக்குக் கன்னடம்தான் வரும். "எத்தேளு, எத்தேளு" என்று காலைப் பிடித்து ஆட்டுவாள். எழுந்திரு, எழுந்திரு. நான்கு வருஷத்தில் அவள் என்னை எழுப்பிய நாட்களுக்குக் கணக்கே இல்லை. அவளுடைய முதல் ஷிப்ட் வாரம் ஒன்றில், "நாளைக்கு நான் எழுப்பறன், நீ நிம்மதியா தூங்கு" என்று பெரிய மனுஷியாகச் சொன்னேன். எனக்கு முழிப்பு வந்தபோது மணி ஏழு. அவள் தானாக எழுந்து போயிருந்தாள். அதற்குப் பிறகு நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிறகு எனக்கு மெல்போர்னுக்கு விசா கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே ஊரையும் சுற்றிப் பார்க்க ஒரு வருஷம் விடுகிற விசா, குலுக்கலில் விழுந்தது. மத்தூர் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பா, மடையை மாற்றிவிட்டு நிமிர்ந்து, "வேலைக்குப் போறியா, ஊர் சுத்தப் போறியா? ஒண்ண சொல்லு" என்றார். ரெண்டும்தான் என்றேன். போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தது, ஒன்றுதான். சுற்றுவதற்கு உடம்பு வேண்டுமே.

ஊரின் மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய லாண்டரியில் வேலை கிடைத்தது. ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்துச் சூடாக வெளியே வருவதை இரண்டு பேராக முனை பிடித்து மெஷினுக்குள் கொடுக்க வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டரை வரை, யார் யாரோ நன்றாகத் தூங்கி எழுந்த விரிப்புகளை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் நாலே முக்காலுக்கு எழ வேண்டும். நிரந்தர வேலை இல்லை. வாரா வாரம் போனில் பெயர்ப் பட்டியல் வரும். பெயர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது.

வீட்டில் நான்கு அறை, நான்கு பேர். அடுத்த அறையில் தைவான்காரப் பெண் ஒருத்தி, காபிக் கடையில் வேலை. போன புதிதில் ஒரு நாள், ஆறரைக்குக் கடை திறக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அன்று எனக்கு விடுமுறை. ஐந்தரைக்கு அவள் அலாரம் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது, நின்றது. என்னால் படுக்க முடியவில்லை. இவள் பஸ்ஸை விட்டால் பழி என் மேல்தான் என்று ஓசூர்ப் புத்தி உள்ளே குத்தியது. கதவைத் தள்ளிக்கொண்டு போய், லைட் போடாமல், அவள் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினேன்.

அவள் போட்ட அலறலில் வீடே எழுந்துவிட்டது. நான் எழுப்ப வந்தேன், எழுப்ப வந்தேன் என்று என் இங்கிலீஷில் நூறு தடவை சொன்னேன். கதவு திறக்கிற சத்தத்தில் திருடன் என்றே நினைத்திருக்கிறாள் பாவம். மறுநாள் பிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒருவர் அறைக்குள் இன்னொருவர் அனுமதியின்றி நுழையக் கூடாது. தயவுசெய்து என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு. அவள் கெட்டவள் இல்லை, அதன் பிறகும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். ஆனால் படுக்கப் போகும்போது தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும். எனக்குக் கூசும்.

அந்த ஊரில் என்னை எழுப்பவும் ஆள் இல்லை என்பது அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது. போன் அலாரத்தைத் தூக்கத்திலேயே அணைத்துவிடுவேன். அணைத்தது நினைவில்கூட இருக்காது. பத்து நாளைக்குள் ஒரு தடவை நாற்பது நிமிடம் தாமதமாகப் போய் நின்றேன். எங்கள் சூப்பர்வைசர் அம்மா குரலை உயர்த்தவே இல்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் பட்டியலில் பெயர் இருக்காது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று ஜவளகிரிக்காரிக்குப் போன் போட்டு அழுதேன். இரண்டு வருஷம் முயற்சி செய்து வந்த இடம், தூக்கத்தால் போகப் போகிறது என்று சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அங்க நாலே முக்காலுன்னா இங்க எத்தினி மணி?" என்றாள்.

"ராத்திரி பதினொண்ணே கால்."

"அவ்ளோதான? எனக்கு செகண்ட் ஷிப்ட்டு. பதினோரு மணிக்கு ரூமுக்கு வந்துடறன். வந்தவதான எழுப்பணும்? நான் எழுப்பறன், நீ தூங்கு."

மறுநாளிலிருந்து போன் வந்தது. அலாரத்துக்கு எழாத நான் அவள் குரலுக்கு எழுந்தேன். "எத்தேளு, எத்தேளு. இன்னைக்கு என்னா டிபன்?" எனக்குச் செவ்வாய் விடிந்திருக்கும், அவளுக்குத் திங்கட்கிழமையே முடிந்திருக்காது. என் கிழமைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். "உப்புமா" என்பேன். தட்டில் இருக்கப் போவது காய்ந்த பிரெட். அந்த அரை நிமிடப் பேச்சை வைத்துக்கொண்டு நாள் முழுக்க விரிப்பு பிடித்தேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படிப் போனது. இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும் என்று எனக்குத் தெரியாதா? நான்கு வருஷம் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் நான். இரண்டாவது வாரம் தொடங்கும்போதே, உனக்கு இப்போது என்ன ஷிப்ட் என்று கேட்டிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயந்து கேட்கவில்லை. ஒருநாள் அவள் குரல் குழறியபோது மட்டும், "தூக்கமா வருது உனக்கு?" என்றேன். "எங்க ஊர்ல ராகிக் காட்டுல ஆனைக்கே முழிச்சிருப்போம். உனக்கு முழிக்க மாட்டனா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை வசதியாக நம்பிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. பழகிய உடம்பு நாலு ஐம்பத்தைந்துக்குத் தானாக விழித்தது. மணியைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம். உடனே அவள் நம்பருக்கு அடித்து, எடுத்ததும், "ஏன்டி எழுப்பல? என் வேலை போனா நீ வந்து குடுப்பியா?" என்று கத்தினேன்.

எடுத்தது அவள் இல்லை. அறையில் எல்லோருக்கும் இளையவளான ஒரு பெண். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, கத்தாதீங்க. அது தூங்கிடுச்சி. போனக் கையில புடிச்சிக்கினே தூங்கிச்சி, நான்தான் உருவி எடுத்தன். ஆளில்லன்னு ரெண்டு வாரமா ஃபர்ஸ்ட் ஷிப்ட்டே போட்டுட்டாங்கக்கா அதுக்கு. உங்கள எழுப்பிட்டுப் படுக்கும், நாலே காலுக்கு எந்திரிக்கும். ரெண்டு வாட்டி பஸ்ஸ வுட்டுடுச்சி. இன்னும் ஒருவாட்டி லேட்டானா லைன்ல இருந்து எடுத்துடுவோம்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுச்சி."

அவளை எழுப்பிவிடாதே என்று மட்டும் சொல்லி வைத்தேன். படுக்கையில் உட்கார்ந்தபடி எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. என் வேலையைக் காப்பாற்ற அவள் வேலையைத் தின்றுகொண்டிருந்தேன். அதுவும் தெரியாமல் செய்யவில்லை. பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்து, லாண்டரி நிறுத்தம் வரை அழுதுகொண்டே போனேன்.

அன்று இரவு எட்டரைக்கு, அங்கே பிற்பகல் மூன்று, அவள் ஷிப்ட் முடிந்து வருகிற நேரம், போன் செய்தேன். அவள் எடுத்ததும், "ஐயோ, நேத்து எழுப்பாம வுட்டுட்டன், லேட்டா போனியா?" என்றுதான் கேட்டாள். இல்லை என்றேன். என்னை மத்தியான ஷிப்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள், இனிமேல் எழுப்ப வேண்டியதில்லை என்று பொய் சொன்னேன். "அப்பாடா" என்றாள். அந்த அப்பாடாவில் எவ்வளவு களைப்பு இருந்தது என்று அப்போதுதான் காதில் விழுந்தது.

போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணை உறைக்குள் திணித்தேன். அவள் படுத்த மாதிரியே படுத்தேன். பன்னிரண்டுக்கு முழித்தேன், இரண்டுக்கு முழித்தேன், மூன்றேகாலுக்கு முழித்தேன். முதல் ஷிப்ட்காரி எப்படித் தூங்குவாள் என்று அன்றுதான் உடம்புக்குத் தெரிந்தது. நாலே முக்காலுக்குக் கன்னத்துக்கு அடியில் போன் அதிர்ந்தபோது நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன்.

அன்று புதன்கிழமை. பத்து மணிக்கு டீ இடைவேளை விட்டார்கள். மற்றவர்கள் வெளியே போய் வெயிலில் நின்றார்கள். எனக்குக் கால் வரவில்லை. சக்கர வண்டியில் குவிந்திருந்த சூடான விரிப்புகளின் மேல் சாய்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். கண் இழுத்துக்கொண்டு போனது. தூக்கக் கலக்கத்தில், பழக்க தோஷத்தில், அங்கே என்ன மணி என்று கழித்தேன். நாலரை. ஐந்து பத்துக்குப் பஸ். அவளுக்கு இது மூன்றாவது தடவையாகிவிடக் கூடாது.

அவள் நம்பருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ எடுத்தாள்.

"யாரு..."

"எத்தேளு," என்றேன். "எத்தேளு, எத்தேளு."

"எந்திரிச்சிட்டன்."

"இன்னைக்கு என்னா டிபன்?"

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. திரும்பக் கேட்டேன். கட்டில் கிறீச்சிட்டது.

"புதன்," என்றாள். "பொங்கல்." அப்புறம் குரல் தெளிந்தது. "ஏய், அங்க என்னா சத்தம்? மெஷின் ஓடுது? மத்தியான ஷிப்ட்டுன்னு சொன்ன?"

"உக்காந்துட்டியா, இல்லியா?"

"உக்காந்துட்டன். நீ எப்படி எந்திரிச்ச? யாரு எழுப்புனா?"

"யாரும் இல்ல. நானே."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "பொய் சொல்லிட்ட எங்கிட்ட," என்றாள்.

"நீயும்தான் ஷிப்ட்ட மறைச்ச. பஸ்ஸுக்கு நாப்பது நிமிசம்கூட இல்ல. போயி மூஞ்சி கழுவு. நாளைக்கும் இதே நேரத்துக்கு அடிப்பன், முதல் மணியிலயே எடுக்கணும்."

இடைவேளை முடிந்து பெல் அடித்தது. நான் எழுந்து என் முனையைப் பிடித்தேன். ஹாஸ்டலில் எப்போதோ கொடுத்த வாக்குப்படி, அவளை முதல் ஷிப்ட்டுக்கு அன்றுதான் எழுப்பியிருந்தேன்.