பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த காகிதம்

அந்தக் காகிதத்தை நான்தான் சுரண்டினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சிங்கப்பூரிலிருந்து என் கணவருடைய அண்ணன் கப்பலில் அனுப்பும் ரேடியோப் பெட்டிகள், செங்கல்பட்டுக் கடைத்தெருவில் இருந்த எங்கள் கடைக்கு நேரே போகாது. முதலில் வீட்டுக்கு வரும். இறக்கி வைத்துவிட்டு என் கணவர் கடைக்கு ஓடிவிடுவார். நான் பிஸ்மில்லா சொல்லித் துடைத்து, பின்பக்க அட்டையில் 786 எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டி வைப்பேன். அதற்குப் பிறகுதான் விற்பனைக்குப் போகும். என் கைராசியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த அட்டையில் சீட்டு ஒட்டத் தோதான இடம் ஒன்றே ஒன்று. அங்கே வெள்ளைக்காரன் பொடிப்பொடியாக இங்கிலீஷில் எதையோ அச்சடித்து ஒட்டி வைத்திருந்தான். ஆண்டவன் பேருக்குரிய எண்ணை எவனோ ஒட்டிய காகிதத்தின் மேலா ஒட்டுவது? வெந்நீர்த் துணியை வைத்து ஊறவிட்டு, கரண்டிக் காம்பால் சுரண்டி எறிந்துவிட்டு, பளிச்சென்று என் சீட்டை ஒட்டினேன். வந்த பெட்டிக்கெல்லாம் இதே கதைதான்.

ஒருநாள் ரிஜிஸ்டர் தபாலில் மதராஸ் வக்கீல் ஒருவருடைய நோட்டீஸ் வந்தது. எங்கள் ஊர் வக்கீல் படித்துச் சொன்னதை என் கணவர் வந்து என்னிடம் சொன்னார். பெட்டிக்குள் இருக்கிற ஏதோ ஒரு பாகம் சீமைக் கம்பெனி ஒன்றின் கண்டுபிடிப்பாம். இந்த நாட்டில் அதற்குப் பேடண்ட் உரிமை வாங்கி வைத்திருக்கிறார்களாம். பெட்டி செய்த தொழிற்சாலைக்கு மலேயா, சிங்கப்பூர் பக்கம் மட்டும் விற்கத்தான் அனுமதியாம். இங்கே கொண்டுவந்து விற்றது குற்றமாம்.

“இன்னாங்க அநியாயம் இது? துட்டு குடுத்து வாங்கி, கஸ்டம்ஸுல வரி கட்டி எடுத்தாந்த பெட்டி. மாட்ட வாங்கினப்பறம், வவுத்துல கீற கன்னு என்னுதுன்னு எவனாச்சும் வந்து நிப்பானா?” என்று குதித்தேன்.

“நிக்கிறானே புள்ள” என்றார்.

வழக்கு ஜில்லா கோர்ட்டுக்குப் போனது. சில நாள் கழித்து மத்தியானம் சாப்பிட வந்தவர், சோற்றில் கை வைத்த பிறகு மெதுவாக மிச்சத்தைச் சொன்னார். இங்கே விற்கக் கூடாது என்று ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் காகிதம் ஒட்டியிருந்ததாம், அதை நாங்கள் திட்டம் போட்டுக் கிழித்துவிட்டோம் என்கிறார்களாம்.

“என்னத் திருடன்றான். வுடுவனா? எங்க பெட்டில காயிதமே கெடையாது, அல்லா மேல ஆணைன்னு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துகீறேன்.”

நான் சுரண்டி எறிந்தது அதைத்தான். “காயிதம் இருந்துச்சுன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்க?” என்று கேட்டேன்.

“பொய் சத்தியத்துக்கு ஜெயிலுன்னார் வக்கீலு. நம்மளுக்கு இன்னா பயம்? நாம கிழிக்கலியே.” மீன் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும், பாவி நான் சொல்லவில்லை. கடையில் ஒரு அணா கூடுதலாக வாங்கிவிட்டால் ஆளைத் தேடிப் போய்த் திருப்பிக் கொடுக்கிற மனிதர் அவர். அவரைப் பொய் சத்தியம் செய்ய வைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த வாரமே கம்பெனி ஆள் ஒருவன் ஜீப்பில் வந்து இறங்கினான். எங்கள் பில் புத்தகத்தைப் பார்த்து, பெட்டி வாங்கிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனான். மகாபலிபுரம், கோவளம் என்று கடற்கரை ஓரமெல்லாம் சுற்றினான். அதட்டுவதில்லை, மிரட்டுவதில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்பான். குடித்துவிட்டுப் பெட்டியைத் திருப்புவான். பின்பக்கத்தை வெகுநேரம் பார்ப்பான், எழுதிக்கொள்வான், போய்விடுவான்.

வாங்கினவர்கள் கடைக்கு வந்து, “இன்னா பாய், வூட்டாண்ட வந்து பொட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்துகினு போறான், ஒண்ணும் புரியலயே” என்று கேட்டார்கள். அவர் சிரித்து அனுப்பினார். எனக்கு மட்டும் ஜீப் சத்தம் காதிலேயே கிடந்தது. தெருவில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டில் நம் சீட்டுத்தான் இருக்கும், காகிதம் இருக்காது என்று ஒவ்வொரு வீடாக மனசுக்குள் கழித்துக்கொண்டே வந்தேன்.

“இனிமே திருவிடந்தை ஒண்ணுதான் பாக்கி. அதையும் பாத்துட்டுப் போவட்டும்” என்றார் அவர் ஒருநாள் நிம்மதியாக.

யா அல்லா! அந்தப் பெட்டி எங்கள் வீட்டு வாசற்படியே மிதிக்கவில்லை. சரக்கு வந்த அன்றைக்கே அதை வாங்கிய வீட்டு ஆள் ரயிலடியில் காத்திருந்து, நேரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதில் காகிதம் ஒட்டினது ஒட்டினபடி இருக்கும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை.

“காயிதம் இருந்துச்சு, எனக்குத் தெரியாதுன்னு நாளைக்கே எழுதிக் குடுத்துடலாம். ஆனா அப்ப கிழிச்சது யாருன்னு கேப்பான். நீ கோர்ட்டுல வந்து கூண்டுல நிக்கணும்.”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரேன் என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தார் போல. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சரி, கெளம்பு. திருவிடந்தைக்குப் போலாம்” என்றார்.

திருப்போரூர் வரை பஸ். அங்கிருந்து மாட்டு வண்டியில் உப்பங்கழியைத் தாண்டிப் போனோம். சவுக்குத் தோப்புக்குள் காற்று ஊளையிட்டது. மணலில் ஜீப் சக்கரத் தடம் பார்த்தேன். போனதா, வந்து திரும்பியதா, தெரியவில்லை. துப்பட்டியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டேன்.

அந்த வீட்டு ஆம்பளைகள் கழனிக்குப் போயிருந்தார்கள். பாட்டரி ரேடியோ கூடத்தில் பாடிக்கொண்டிருந்தது. “வாங்க பாயம்மா” என்று வீட்டுக்காரி ஆசையாக அழைத்தாள். நான் பெட்டியைத் திருப்பினேன். காகிதம் ஒரு மூலை கூட மடங்காமல் இருந்தது.

“கொஞ்சம் வெந்நீர் குடும்மா” என்றேன்.

“ஒடம்பு செரியில்லியா?” என்று பதறிக்கொண்டு சொம்பில் கொண்டுவந்தாள். துப்பட்டி முனையை நனைத்து, காகிதத்தின் மேல் வைக்கப் போனேன். வாசலில் ஜீப் வந்து நின்றது.

“வுடு புள்ள” என்றார் அவர். “இதையும் அழிச்சிட்டு நாம எங்க போயி நிக்கிறது?”

வந்தவன் வழக்கம்போலத் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து படித்தான். நிமிர்ந்தபோது சிரித்தான்.

“மத்த பெட்டியில எல்லாம் இதைச் சுரண்டினது யாரு?”

“நான்தான். என் கையாலதான் சுரண்டுனேன்” என்றார் அவர்.

அந்த ஆள் என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த ஈரத் துப்பட்டி முனையைப் பார்த்தான். அதிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை, ‘அவரு இல்ல’ என்று நான் சொல்லியிருந்தால் போதும். நான் அந்த முனையைச் சுருட்டி மறைத்தேன். அவன் அவர் சொன்னதை எழுதிக்கொண்டு போனான்.

கடையை மூடி சீல் வைத்தார்கள். பொய்ப் பிரமாணத்துக்கு மூன்று மாதம் ஜெயில் போட்டார்கள். தீர்ப்பு சொல்லும் நாளில் காலையில் கிளம்பும்போது கூட அவர் என்னை ஒரு வார்த்தை பழிக்கவில்லை. பழித்திருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

“ஊருல யாராச்சும் கேட்டா, நான்தான் கிழிச்சேன்னு சொல்லு. மாத்திப் பேசாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னேன்.