ராமசுப்ரமணியனின் ஒரே தோட்டா

பதினோரு வருஷத்தில் பதினாலாயிரத்துச் சொச்சம் துப்பாக்கி வெடிகளை அளந்தவர் ராமசுப்ரமணியன். ஆனால் ஒரு துப்பாக்கியைக்கூட விரலால் தொட்டதில்லை. ரவுண்ட் ராக் ஊரில் இதைச் சொன்னால், சரக்கு உள்ளே போய்விட்டதா என்று கேட்பார்கள். காபியைத் தாண்டி அவர் எதையும் குடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

டெக்ஸஸில் ஒரு கூட்டம் உண்டு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் கீழே போட மனசு வராது. வீட்டுக்கு எடுத்துப் போய், புதுசாக வெடிமருந்து நிரப்பி, முனையில் குண்டை அழுத்தி, மறுபடி தோட்டாவாக்கிவிடுவார்கள். மருந்து கொஞ்சம் கூடினாலும் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். அதனால் சுடும்போது உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிய வேண்டும். அளக்கும் கருவிகள் இருந்தன; சிலதுக்குக் குழலில் ஓட்டை போடணும், சிலதை ஒட்டினால் ஒட்டினதுதான். பம்மலில் பிறந்த இந்த மனுஷர், குழல் மேல் மோதிரம் மாதிரி மாட்டிக் கழற்ற ஒரு வளையம் கண்டுபிடித்தார். வெடிக்கிற கணத்தில் குழல் மயிரிழைக்கும் குறைவாக உப்பும். அதை வளையம் உணர்ந்து, திரையில் ஒரு மலையாக வரையும். பேடண்டும் அவர் பெயரில்தான்.

ஆனால் வேலையில் சேர்ந்த அன்றே ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்: எச்-ஒன் வேலை விசாக்காரர் துப்பாக்கியும் தொடக் கூடாது, தோட்டாவும் தொடக் கூடாது, க்ரீன் கார்டு வரட்டும். ஆகவே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லோரெட்டா என்ற அறுபது வயசு அம்மாள் சுடுவாள். இந்தப் பக்கம் இவர் பட்டனைத் தட்டிப் பதிவு செய்வார். மலையின் சரிவைப் பார்த்தே மருந்து என்ன ரகம், கூடு எத்தனையாவது தடவை நிரப்பினது என்று சொல்வார். லோரெட்டா காலையில் முட்டை சாப்பிட்டாளா, அப்பமா என்றுகூடச் சொல்வாராம். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த இரும்பு கையில் எப்படி இருக்கும், தோளில் எப்படி இடிக்கும் என்பது மட்டும் தெரியாது. டின்னர் டேபிளில் சில நாள் விரலை மடக்கி, இல்லாத விசையை இழுத்துப் பார்ப்பார். மனைவி ருக்மிணி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஏன்னா, என் கையை இப்படி ஒரு நாளாவது பிடிச்சிருக்கேளா?" என்பாள்.

க்ரீன் கார்டு வரிசை எறும்பு வேகத்தில் நகர்ந்தது. அதற்குள் கம்பெனியை வேறொருத்தர் வாங்கிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் லோரெட்டா சுடும் துப்பாக்கியைப் பெட்டியில் கட்டி வேறு மாநிலத்துக்கு அனுப்புவார்கள். திங்கள் முதல் அங்கே மெஷின் சுடும், எண்கள் மட்டும் இவர் திரைக்கு வரும். முதல் வளையம் ஏறிய குழல் அதுதான். போனால் போனதுதான்.

புதன்கிழமை பத்ரி வீட்டில் பிறந்தநாள். பத்ரி ஐ.டி. ஆசாமி, வாய் ஓயாது. பஃபேயில் பூரியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான், "என்ன மாமா, இத்தனை வருஷமா ஒரு ஹண்டிங் லைசென்ஸ் எடுக்கலியா? அது இருந்தா விசாக்காரனும் தொடலாமே! நான் சுட்டுப் பழகற ரேஞ்சுக்கு அதை வெச்சுண்டுதானே போறேன்."

ராமசுப்ரமணியன் கையில் இருந்த ரவா கேசரி அப்படியே நின்றது.

மறுநாள் காலை, தன் விசா கேஸைப் பார்க்கிற வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார். பதினோரு வருஷமாக அவளிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டால் ஃபைலில் ஏறிவிடும், ஏறினால் க்ரீன் கார்டு கெடும் என்று பயம். அவள் இரண்டே நிமிஷத்தில் சொன்னாள்: "ஆமாம், அந்த விதிவிலக்கு உண்டு. நீங்கள் கேட்கவேயில்லையே?"

வீட்டில் ருக்மிணி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வெங்காயம் நறுக்கினாலே கண்ணைத் திருப்பிக்கற மனுஷன்! வேட்டை லைசென்ஸா?"

"எதையும் கொல்லப் போறதில்லைடி. அது வெறும் கார்டு."

"மான் வந்து உங்க கார்டைப் படிச்சுப் பார்க்குமா?"

"டாட், திஸ் இஸ் ஸோ கூல்!" என்றாள் பெண் ரக்ஷா.

ருக்மிணி அவளை ஒரு முறை முறைத்தாள். பிறகு கார் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "போங்கோ. உங்க ஏக்கத்துக்கு இன்னும் பதினோரு வருஷம் என்னால சாப்பாடு போட முடியாது."

தூண்டில் விற்கிற கடையில் லைசென்ஸ் கிடைத்தது. கவுண்ட்டர் பையன், "எதை வேட்டையாடப் போறீங்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லை" என்றார். அவன் தலையைச் சொறிந்துகொண்டே பிரிண்ட் எடுத்தான்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை. மருந்து, தராசு எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. லோரெட்டா முந்தின நாளே அவர் சொன்ன கணக்குப்படி ஒரே ஒரு தோட்டா நிரப்பி வைத்திருந்தாள். லைசென்ஸை இரண்டு தடவை படித்துவிட்டு, பட்டியலில் தேதியையும் அவர் பெயரையும் ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"தோளில் அழுத்திப் பிடி, ராம். மூச்சு விடு."

இரும்பு அவர் நினைத்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது, கனமாகவும். விசையை இழுத்தார். உலகம் ஒரு தடவை தோளைப் பிடித்துத் தள்ளியது. அவ்வளவுதான். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி.

"எவ்வளவு?" என்று பழக்கத்தில் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

அங்கே நாற்காலி காலியாக இருந்தது. பட்டனைத் தட்ட வேண்டிய ஆள் இங்கே நின்றுகொண்டிருந்தார். திரையில் லோரெட்டாவின் பழைய மலைதான் அசையாமல் கிடந்தது.

லோரெட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ராம்! இன்னொன்று..." என்று ஆரம்பித்தவள், பெட்டிகளைப் பார்த்து நிறுத்தினாள். மெக்கானிக் வந்து குழலைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தான். ஒரு வெடியின் இளஞ்சூடுதான் அதில் இருந்தது; ஆனாலும் கையுறை போட்டுக்கொண்டான். ராமசுப்ரமணியன் வழி விட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் ருக்மிணி அவர் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "எவ்வளவு வந்தது?"

"தெரியலை."

"ஊருக்கெல்லாம் அளந்து சொல்றேள்!"

"கொஞ்சம் அழுத்தித் தேய். இல்லை, வேண்டாம். வலி இருக்கட்டும்."

திங்கட்கிழமை புது ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. பட்டியலின் கடைசி வரியில் தேதி இருக்கிறது, சுட்டவர் பெயர் இருக்கிறது, அழுத்தம் இல்லை, அந்த வரியை எடுத்துவிடலாமா?

பதில் எழுத அவருக்கு அரை நாள் ஆயிற்று. 'வேண்டாம்' என்று மட்டும் அனுப்பினார்.