காற்றைக் குறைத்துச் சொன்ன சென்சார்

கார் பட்டறைக்கு வருகிறவர்கள் அதை நடத்தும் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. டீ கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். "நேத்துதான் சர்வீஸ் பண்ணேன்" என்று யாராவது சொன்னால், எந்த நேற்று என்று விசாரிப்பாள். அவளுக்குக் கூட்டாளி கணவனின் தங்கை. அண்ணி ஸ்பேனர் பிடிப்பாள், நாத்தனார் லேப்டாப்பில் இன்ஜினுக்கான எண்களைத் திருத்துவாள். இருவரும் ஆறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே தொழில் செய்தார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். செய்தார்கள்.

வினை ஒரு டீச்சரின் சின்னக் காரில் வந்தது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜரை அதில் பொருத்தியது இவர்கள்தான். பொருத்திய புதிதில் வண்டி பறந்தது. பிறகு நெரிசலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தாலே விக்கல். மூன்றாவது முறையாக டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் ஒவ்வொரு முறையும் குறைத்தே சொன்னது. காற்று குறைவு என்று நம்பி, இன்ஜினும் பெட்ரோலைக் குறைத்துக் குடித்தது.

"நீ எதாவது நம்பர மாத்தினியா?"

"தொடவே இல்ல அண்ணி. இன்னொரு தடவ இப்படிக் கேட்டீங்கன்னா நான் வேற வேலை தேடிக்கறேன்."

நாத்தனார் போய்விட்டால் பட்டறை வெறும் ஆயில் மாற்றும் கடைதான். பேச்சுத்துணையும் போய்விடும். ஆனாலும் அண்ணியைச் சந்தேகம் விட்டதா? லேப்டாப்பை டூல்ஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "ஒரு வாரம் இருக்கட்டும்" என்றாள்.

அந்த வாரம் காரைத் தானே பார்த்தாள். முந்தைய இரண்டு முறையும் செய்ததுபோல் காற்று வடிகட்டியைக் கழுவி, தூசியைப் பிடிக்க அதில் பூசும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். தூசியை எப்படி நம்புவது? வண்டி இன்னும் மோசமானது. இப்போது சந்தேகப்பட ஆளே இல்லை.

சென்சாரைக் கழற்றினாள். உள்ளே முடி கனத்துக்கு ஒரு கம்பி. அதைச் சூடாக்கி வைத்து, வருகிற காற்று எவ்வளவு ஆற்றுகிறது என்று பார்த்துத்தான் காற்றை அளக்கிறார்கள். கம்பியெல்லாம் பழுப்பாகப் பிசுபிசுப்பு. மோந்து பார்த்தாள். அவள் ஊற்றிய எண்ணெயேதான். போர்வை போர்த்தியவனுக்குக் காற்று எங்கே உறைக்கும்?

பிசுக்கைப் போக்குகிற ஸ்ப்ரே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு அடி அடித்தால் குற்றம் போய்விடும், பழி மட்டும் நாத்தனார் தலையிலேயே நிற்கும். டப்பாவைக் கையில் எடுத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கீழே வைத்துவிட்டு, அழுக்குச் சென்சாரை அப்படியே கொண்டுபோய் நாத்தனாரிடம் நீட்டினாள்.

"நான்தாம்மா. அளவுக்கு மீறி ஊத்திட்டேன்."

நாத்தனார் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இத ஸ்ப்ரே அடிச்சா சரியாயிடும். என்னைத் திருடி மாதிரி நெனச்சு லேப்டாப்பப் பூட்டி வச்சீங்களே, அதுக்கு என்ன அடிக்கறது?"

அண்ணி அலமாரிச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தாள். நாத்தனார் விரலை மடக்கவில்லை.

"இந்தப் பூட்டுக்கு ரெண்டு சாவியாச்சே அண்ணி. இன்னொண்ணு எங்க?"

அது வீட்டில் பீரோவில் கிடந்தது. சத்தியமாக மறந்துதான் போயிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள், நாத்தனாரின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். இதே பதிலை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.