கூட்டுப் பட்டா வயலும் என் ஃபங்ஷனும்

போன வாரம் ஒரு வயலையே காணாமல் அடித்துவிட்டேன். நெல் முற்றி, கதிர் தலைசாய்ந்து, அறுப்புக்குத் தயாராக நின்ற முழு வயல். கடப்பாரை வேண்டாம், மண்வெட்டி வேண்டாம்... ஒரே ஒரு என்டர் பட்டன்!

நான் நீடாமங்கலத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி ஜாவாஸ்க்ரிப்ட் எழுதிப் பிழைப்பவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். என் மனைவியின் தம்பி இளங்கோ அறுவடை மெஷின் வாங்கியதும், "புக்கிங்குக்கு ஒரு ஆப் போட்டுக் குடுங்க மாமா" என்றான். மாமா மறுப்பாரா? மெஷின் ஊருக்குள் நுழைந்தால், "எனக்கு முதல்ல, எனக்கு முதல்ல" என்று ஆளாளுக்கு டிரைவரைப் பிடித்து இழுப்பார்கள். அதனால் டிரைவர் மணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன் — "யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க. ஃபோன்ல என்ன இருக்கோ அதுதான்."

மணி ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சொன்னதை அப்படியே செய்பவர். பிரச்சினையே அங்கேதான்.

அன்று காலை மெஷினை சர்வீஸுக்கு விட்டிருந்ததால் யாருக்கும் அன்றைய தேதி கொடுக்கவில்லை; இருந்த புக்கிங் எல்லாம் மறுநாளுக்குத்தான். பார்ட்ஸ் வாங்கத் தஞ்சாவூர் போயிருந்த இளங்கோ ஃபோனில் கத்தினான். "மாமா, சாயங்காலம் மழையாம்! மெஷின் ரெடியாயிடுச்சு. நாளைக்கு அறுக்கிறதையெல்லாம் இன்னைக்கே அறுத்தாகணும். எல்லாத் தேதியையும் ஒரு நாள் முன்னாடி இழுத்து விடுங்க!"

இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? எங்கள் புக்கிங் முழுக்க, பெட்டிக்குள் பெட்டி மாதிரி, ஆப்ஜெக்ட்டுக்குள் ஆப்ஜெக்ட். ஊருக்குள் தெரு, தெருவுக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆள், ஆளுக்குள் வயல். இதற்கென்றே இருக்கிறது ரிகர்ஷன் — ஃபங்ஷன் என்கிற கட்டளைத் தொகுப்பு தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கும். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் புகுந்து, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசி மடைவரை போகிற மாதிரி. வழியில் எங்கே தேதியைக் கண்டாலும் ஒரு நாளைக் கழித்துவிட்டு மேலே நடக்கும்.

நாலைந்து வரிதான். தட்டினேன். ஓடியது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு காபி குடித்தேன்.

மதியம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. செல்வம். கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர். முகம் வெளுத்திருந்தது.

"சார், மெஷின் எங்க வயல்ல இறங்காம தாண்டிப் போயிடுச்சு. கேட்டா, 'உங்களுது முடிஞ்சிருச்சு'ங்கிறான். கதிரு அப்படியே நிக்குது சார்! மேல பாருங்க..."

பார்த்தேன். கிழக்கே வானம் ஈயப் பாத்திரம்போல இருந்தது. மழை இறங்கினால் பயிர் படுத்துவிடும். சேற்றில் மெஷின் இறங்காது. படுத்த நெல் அங்கேயே முளைக்கும். ஒரு குடும்பத்தின் சம்பா மொத்தமும் போய்விடும்... இல்லை, இரண்டு குடும்பத்தின் சம்பா.

அப்போதுதான் உறைத்தது.

செல்வத்துக்கும் அவருடைய அண்ணன் கோவிந்தராசுவுக்கும் அந்த வயல் கூட்டுப் பட்டா. ஆனால் இருவருக்கும் பேச்சு இல்லை. தனித்தனியாக வந்து புக் செய்தார்கள். ஒரே வயலை இரண்டு தடவை எழுதுவானேன் என்று, அண்ணன் பெயருக்குக் கீழேயும் தம்பி பெயருக்குக் கீழேயும் ஒரே ஆப்ஜெக்ட்டைக் கோத்துவிட்டேன் புத்திசாலியான நான். ஃபங்ஷன் அண்ணன் வழியாகப் போய் ஒரு நாளைக் கழித்தது. தம்பி வழியாகப் போய் அதே வயலில் இன்னொரு நாளைக் கழித்தது. நாளை, இன்றாகி... நேற்றாகிவிட்டது! நேற்றைய தேதி என்றால் வேலை முடிந்தது என்று ஆப் முடிவு கட்டிவிட்டது.

மணிக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் இடி இடித்தாலே கேட்காது, ரிங்டோனா கேட்கும்?

"பாலம் தாண்டி அடுத்த ஊருக்குள்ள போயிட்டா அவ்ளோதான் சார், அவங்க விட மாட்டாங்க. ஏறுங்க!" என்றார் செல்வம்.

ஏறினேன். லேப்டாப்பை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டே ஃபங்ஷனைத் திருத்தினேன் — ஒருமுறை தொட்ட வயலை நினைவில் வை, மறுபடி வந்தால் தொடாதே. பள்ளம் வரும்போதெல்லாம் ஒரு பிராக்கெட் எகிறியது.

"இன்னும் முடியலையா சார்?"

"முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று ஃபங்ஷனை மறுபடி ஓட்டினேன்.

ஓட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. காலையில் நகல் எடுக்காமல் மூலத்திலேயே அல்லவா கை வைத்திருந்தேன்? இப்போது மறுபடி ஒரு நாள் கழிந்து, எல்லா ஊரிலும், எல்லாருடைய வயலும் நேற்றைக்குப் போய்விட்டது. ஒரு வயலைத் தொலைத்தவன், திருத்துகிறேன் என்று அத்தனை வயலையும் தொலைத்துவிட்டேன்! செல்வத்திடம் எப்படிச் சொல்வது? ஓடும் பைக்கிலிருந்து குதிப்பதே நல்லது என்று தோன்றியது.

ஃபோன் அடித்தது. மணி!

"சார், எல்லா வேலையும் முடிஞ்சதுன்னு காட்டுதுங்க. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டேன். பாலத்துக்கிட்ட நிக்கிறேன். சாப்பிடப் போகட்டுங்களா?"

"போகாதீங்க! திரும்புங்க! செல்வம் வயலுக்கு வாங்க!"

"ஃபோன்ல இல்லீங்களே. யாரு சொன்னாலும் கேக்காதேன்னு நீங்கதான..."

"அந்த முட்டாள் சொன்னதைக் கேக்காதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க!"

மெஷின் திரும்பியது. நாங்கள் வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள், தொலைந்த வயல்களுக்கெல்லாம் அன்றைய தேதியைப் போட்டுவைத்தேன். ஒரு வரப்பில் அண்ணன், எதிர் வரப்பில் தம்பி. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் மணிக்கு மட்டும் கை காட்டினார்கள். நான் நடுவில் நின்று மேகத்தைப் பார்த்தேன். கடைசி நெல்லை டிராக்டரில் கொட்டித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது முதல் தூறல் விழுந்தது. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

மணி ஃபோனில் 'முடிந்தது' என்று அமுக்கினார். உடனே உரியவர்களுக்கு மெசேஜ் போகும். அதை அனுப்ப ஆள் ஆளாக உள்ளே இறங்கிப் போவதும் அதே ஃபங்ஷன்தான்... தொட்ட வயலை மறுபடி தொடாத, திருந்திய ஃபங்ஷன்.

நனைந்துகொண்டே செல்வம் என்னிடம் வந்தார்.

"சார், அந்தாளுக்கு மட்டும் மெசேஜ் வந்திருக்காம். அப்ப வயலு எனக்கு இல்லையா?"

மழையிலேயே நின்று, என் கையாலேயே டைப் அடித்து அவருக்கும் ஒன்று அனுப்பினேன். படித்துவிட்டு ஃபோனைச் சட்டையில் துடைத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தொட்ட வயலைத் தாண்டிப் போகலாம்... வயல்காரரைத் தாண்ட முடியுமா?