பிளாஸ்திரி ஒட்டிய ரிமோட்

சித்தப்பாவின் ரிமோட் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நாற்பதுக்கு மேல் பொத்தான்கள். ஆறைத் தவிர மற்றவற்றின் மேல் வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி. அவர் மூடாமல் விட்டவை ஐந்துதான்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் அவர் தர ஆய்வாளர். குவார்ட்டர்ஸ் வீட்டில் டிவி, விசிஆர், குவைத்திலிருந்து மருமகன் அனுப்பிய ஆம்ப்ளிஃபையர், ஒவ்வொன்றுக்கும் தனி ரிமோட். ஒரு மதியம் சித்தி தனியாக மகளின் கல்யாணக் கேசட்டைப் போட்டு எதையோ அழுத்தப்போக, தாலி கட்டும் இடம் அழிந்து கேபிள் டிவியின் சமையல் நிகழ்ச்சி பதிவாகிவிட்டது. மகள் குவைத்துக்குப் போய் மூன்று வருடமாக ஊர் திரும்பாத காலம். பிறகு சித்தி எதையும் தொடவில்லை. கேசட்டில் மகளைப் பார்க்க, சித்தப்பா ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருப்பார்.

அம்பத்தூரில் வேலை பார்த்த என்னையும் கூட்டிக்கொண்டு சித்தப்பா பூந்தமல்லிக்குப் போனது, தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஓர் ஆடி வியாழக்கிழமை. என் நாட்குறிப்பில் இருக்கிறது. டிவி பழுதுபார்க்கும் பாய் புது ரிமோட்டை எடுத்துக் கொடுத்தார். "மூணு வூட்டுக்கு ஒரே மருமவ மாரி சார். எல்லாத்துக்கும் இது ஒண்ணே பதில் சொல்லும்."

"மருமவ நம்ம பேச்ச கேக்கணுமே பாய்?" என்றார் சித்தப்பா.

வீட்டுக்கு வந்ததும் பழைய ரிமோட்டுகளைப் புதியதன் எதிரே வைத்து, பொத்தான் பொத்தானாக அதற்குக் கற்றுக்கொடுத்தார் சித்தப்பா. பின் தேவையற்றவை என்று அவர் தீர்மானித்தவற்றைப் பிளாஸ்திரி ஒட்டி மூடினார்.

"இன்னாங்க, ரிமோட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துச்சா?" என்றார் சித்தி.

"அஞ்சுதான் கீது. இன்னா அமுக்குனாலும் அழியாது."

"சொல்லுவீங்க. அழிஞ்சது என் பொண்ணு கல்யாணம்."

இரண்டு வாரம் ரிமோட் அலமாரியிலேயே கிடந்தது. அடுத்து நான் போன ஞாயிறன்று ஓரத்தில் ஒரு பிளாஸ்திரி உரிந்திருந்தது. இரண்டு கோடு போட்ட, படத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பொத்தான். சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"கார்ல ஏறுறப்ப ஒரு தபா திரும்பிப் பாக்குறா. நிக்காம போயிடுறா. அதான் பிச்சிட்டேன்," என்றார் சித்தி.

வரைபடத்திலிருந்து நூலிழை பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவர் சித்தப்பா. அன்று பிளாஸ்திரிச் சுருளை எடுத்து வந்தார். ஓரம் சுருண்டிருந்த மற்ற பிளாஸ்திரிகளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினார், அந்த ஒன்றை மட்டும் திறந்தபடி விட்டு.

மகள் நிரந்தரமாக ஊர் திரும்பிய பின், குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளில் சித்தி இதை என்னிடம் கொடுத்தார். இன்று என் வீட்டு டிவி வாயால் சொன்னாலே கேட்கிறது. ரிமோட்டில் சித்தப்பா விட்டுவைத்த ஐந்தின் எழுத்துகளும் இன்னும் படிக்கக் கிடைக்கின்றன. ஆறாவதில் இருந்த இரண்டு கோடுகள் முற்றிலும் தேய்ந்துவிட்டன. ரப்பரில் ஒரு விரல் நுனி அளவுக்குப் பள்ளம் இருக்கிறது.