ஞாயிற்றுக்கிழமைக் கடல்

கற்பனை முன்னே போகும், விஞ்ஞானம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும். முப்பது வருஷமாகப் பள்ளி ஆண்டு விழாக்களிலும் நூலக வார விழாக்களிலும் நான் சொல்லிவந்த வாக்கியம் இது. சொன்னால் கைதட்டுவார்கள். பீரங்கிக் குண்டுக்குள் ஆளை உட்காரவைத்து நிலாவுக்குச் சுட்டதாக வெளிநாட்டில் ஒருவர் கதை கட்டினார், அந்த மாதிரிக் கதைகளைச் சின்ன வயதில் படித்தவர்கள்தான் பிற்பாடு ராக்கெட்டுக்குக் கணக்குப் போட்டார்கள் என்பேன். பத்து, ஒன்பது, எட்டு என்று தலைகீழாக எண்ணுவதுகூட ஒரு பழைய ஊமைப்படத்திலிருந்து வந்ததுதான் என்பேன். இதில் எதுவும் பொய்யில்லை. பொய்யே சொல்லாமல் ஒரு மனுஷன் எவ்வளவு பெரிய அயோக்கியனாக இருக்க முடியும் என்பதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அறிவியல் கதை எழுதுகிறவன். பிழைப்புக்குத் திருநெல்வேலியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். அப்பா கடற்கரையில் பிறந்தவர். படித்து, வாத்தியார் வேலை கிடைத்து, பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் என் அக்காவை மட்டும் திரும்பவும் அந்தக் கரைக்கே, சொந்தத்தில், கடல் தொழில் பார்க்கிற அத்தானுக்குக் கட்டிக் கொடுத்தார். மாதா கோயில் ஒன்று, அதைச் சுற்றி நாற்பது ஐம்பது வீடுகள், அதற்கப்பால் ஒரு பழைய கல் மாடமும் பனங்கூட்டமும் நிற்கிற மணல், மணலுக்கப்பால் கடல். ஊர் அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். தாமிரபரணியை ஒட்டி வாழைத் தோட்டம் வாழைத் தோட்டமாகப் போகும் பஸ், ஸ்ரீவைகுண்டம் தாண்டி, காயல்பட்டினம் தாண்டி, பொழுது சாய்கிற நேரத்தில் என்னை மணலில் இறக்கிவிடும். ஞாயிறு காலையில் பூசை. பூசை முடிந்தால் அக்கா கையால் மீன்குழம்பும் சோறும். சாப்பிட்டுவிட்டு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் உட்காருவேன். திங்கள் விடிகிறபோது முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ஆகவே நான் உட்கார்ந்து பார்த்தது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைக் கடல்தான்.

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். அது கர்த்தருடைய நாள். வள்ளங்களை எல்லாம் கோயிலுக்குத் தெற்கே, மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். கரையில் ஆள் இருக்காது. கடலில் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு பாய் தெரியாது. மற்ற ஆறு நாளும் அதே இடத்தில் வலை இழுக்கிறவர்கள், மீன் ஏலம் கூறுகிறவர்கள், ஐஸ் வண்டி, சண்டை, சிரிப்பு என்று நிற்க இடமிருக்காது. இது எனக்குத் தெரியாததல்ல. என் ரத்தமே அந்தக் கரைதானே.

தெரிந்தும் எழுதினேன். கதை இதுதான்: நம் நாட்டு ராக்கெட் ஒன்று தென்கோடிக் கடற்கரையிலிருந்து கிளம்பி வியாழனைத் தாண்டிப் போகிறது. அதன் முதல் பக்கத்தில் அந்த இடத்தை இப்படி அறிமுகப்படுத்தினேன்: ‘அந்தக் கரையில் யாரும் இல்லை. மணலும் முள்ளும், ஒரு படகுகூட இல்லாத கடலும்தான் இருந்தன.’

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வெட்கம். வேறொன்றுமில்லை. விஞ்ஞானம் நடக்கிற இடத்தில் கருவாடு காயக்கூடாது என்று எனக்கு ஓர் எண்ணம். என் விஞ்ஞானிகளுக்கு வடக்கத்திப் பெயர் வைத்தேன். கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடத்தில் அவர்களை உட்காரவைத்து ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிடவைத்தேன். அக்காவின் குசினியில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே அந்த வெண்ணெயை எழுதினேன். ராக்கெட் தளத்துக்குத் தாமிரபரணித் தண்ணீரைப் பெரிய குழாயில் கொண்டுவந்தேன். அக்கா தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசை போட்டிருந்த காலம் அது.

கதை ஒரு வார இதழில் வந்தது. இதழைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். அவள் எட்டாவதுவரை படித்தவள், எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். அடுப்படியில் நின்றபடியே முழுக்க வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏலே, இது நம்ம கரைல்லா? கல்லு மாடத்தயும் பனங்கூட்டத்தயும் அப்படியே எழுதியிருக்க. நாங்கள்லாம் எங்கலே போனோம்?”

“கதைதானக்கா” என்றேன்.

“கதைன்னா ஒரு ஓரத்துல நிக்கவாவது வுடப்படாதா? உங்க அத்தான் வள்ளத்தயாவது போட்டிருக்கலாம்லா” என்றாள். அத்தானும் சிரித்தார். நானும் சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்வியை அத்தோடு மறந்தும் போனேன்.

கதை தொகுப்பில் சேர்ந்தது, தொகுப்பு நூலகங்களுக்குப் போனது. எனக்கு அறிவியல் எழுத்தாளர் என்று பெயர் வந்தது. காலம் ஓடியது. அக்காவுக்கு முழங்கால் வலி வந்தது, அத்தானின் வள்ளத்துக்கு மோட்டார் வந்தது. பிறகு ஒருநாள், எங்கள் கரையில் ராக்கெட் தளம் வரப்போகிறது, கோயிலுக்கு வடக்கே உள்ள மணல்காடும் வீடுகளும் எல்லைக்குள் போகும் என்று செய்தி வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். எழுதியது பலித்துவிட்டது என்று ஆபீஸ் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

“தம்பி, நம்ம வீடும் அதுக்குள்ளதான் வருதாம். ராக்கெட்டு விடுத அன்னைக்கெல்லாம் கடலுக்குப் போகக் கூடாதாம். ஆபீசர்மாருவ கோயில் மண்டபத்துல கூட்டம் போடுதாவ. எங்களுக்கு எடுத்துச் சொல்ல வாய் இல்லலே. நீ வந்து பேசு.”

வருகிறேன் என்றேன். சும்மா போகவில்லை. இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். வாரத்தில் ஆறு நாள் அந்தக் கடலில் எத்தனை வள்ளம் நிற்கிறது, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் போவார்கள், கரையை விட்டு வீட்டைத் தள்ளிவைத்தால் தொழில் எப்படிக் கெடும், தளத்தைக் கொஞ்சம் வடக்கே தள்ளினால் ஊர் எப்படிப் பிழைக்கும் என்று அத்தானிடம் கேட்டுக் கேட்டு எழுதினது. நான் எழுதினதிலேயே உருப்படியானது அந்த இரண்டு பக்கம்தான்.

கூட்டத்துக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவரைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். மண்டபத்தில் என் பெயரைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், நீங்களா? ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்க ஊர் நூலகத்துல உங்க கதையைப் படிச்சேன். அதைப் படிச்சுத்தான் இந்தத் துறைக்கே வரணும்னு நினைச்சேன். இடம் பார்க்கச் சொன்னப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்ததே உங்க கரைதான் சார்.”

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. முப்பது வருஷம் மேடை மேடையாக நான் சொன்னதற்கு அத்தாட்சி கைகால் முளைத்து எதிரே நிற்கிறது. மேடைக்கு அழைத்துப்போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் என் கதையின் முதல் பக்கத்தை மனப்பாடமாகவே சொன்னார். ‘அந்தக் கரையில் யாரும் இல்லை’ என்று ஒலிபெருக்கியில் கேட்டபோது, மண்டபத்தில் அந்தக் கரையின் அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மூன்றாவது வரிசையில், தன் மருமகளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

பிறகு வெள்ளைத் திரையில் படங்கள் காட்டினார்கள். இடம் பார்க்க வந்தபோது எடுத்த படங்கள். வெறும் மணல், வெறும் கடல். பாதிப்பு மிகக் குறைவு என்று விளக்கினார்கள். அத்தான் எழுந்தார். அதுவரை அவர் மைக் பிடித்ததில்லை.

“ஐயா, இது ஞாயித்துக்கெழம எடுத்த படம்லா. நாங்க பூசைக்குப் போயிருப்போம்.”

யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்குப் புரியவில்லை. ஆற்றங்கரைப் பிள்ளை, அவருக்கு எப்படிப் புரியும்? விடுமுறையாச்சே, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “சார், உங்களுக்கு இந்த இடம் நல்லாத் தெரியும். நீங்க சொல்லுங்க” என்று மைக்கைக் கொடுத்தார்.

அந்த மண்டபத்தில் இரண்டு தரப்புக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். தாள் சட்டைப் பையில் இருந்தது. பையின்மேல் பொன்னாடை கிடந்தது. அதை விலக்கித் தாளை எடுக்கக் கையைக் கொண்டுபோனேன். ‘அந்தக் கதை தப்பு. நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைக் கடல். நீங்கள் பார்த்ததும் அதுதான்’ என்று ஆரம்பித்தால் போதும். ஆனால் அந்த மனிதர் ஒன்பதாம் வகுப்புப் பையனைப்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் படித்து ஆளான ஒரே ஆள். அவரிடம் என் கதை தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கையை எடுத்துப் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன்.

“கற்பனை முன்னே போகும், விஞ்ஞானம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும்” என்றேன். கால் மணி நேரம் பேசினேன். பீரங்கிக் குண்டு வந்தது, ஊமைப்படம் வந்தது. மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நம் மக்களின் குறைகளையும் கவனிப்பார்கள் என்று நம்புகிறேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். கடைசியில் சேர்க்கிற வரியை யார் கேட்கிறார்கள்? உள்ளூர்க்காரரான எழுத்தாளர் திட்டத்தை வரவேற்றுப் பேசினார் என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தோம். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பைய நடந்தாள். வீட்டில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். “நல்லாப் பேசுனலே” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு என் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தாள்.

“அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டேன். நீ பதில் சொல்லல. இன்னைக்கும் கேக்கேன். நாங்கள்லாம் எங்கலே போனோம்?”

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஊர் வந்து சட்டையைக் கழற்றும்போது தாள் கையில் தட்டுப்பட்டது. மறுநாளாவது தபாலில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. இன்றைக்கும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இப்போது வேலி போட்டாகிவிட்டது. கோயிலுக்குத் தெற்கே வள்ளம் ஏற்றுகிற மேட்டுக்குப் போகிற வழியும் அதற்குள் மாட்டிக்கொண்டது. அக்கா குடும்பத்துக்கு உள்ளே தள்ளி, மெயின்ரோட்டுக்குப் பக்கத்தில் புதுவீடு. நல்ல வீடுதான், குழாயில் தண்ணீர்கூட வருகிறது. ஆனால் மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. அத்தான் வள்ளத்தைப் பக்கத்து ஊர்க் கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். அது அந்த ஊர்க்காரர்கள் கரை. வந்தவனுக்கு ஒதுக்க அவர்களுக்கே இடமில்லை. சில மாதம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு வள்ளத்தைக் கைமாற்றிவிட்டார். நான் போகும்போதெல்லாம் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் இருக்கிறார். அவருக்கு வாரத்தில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

ராக்கெட் இன்னும் போகவில்லை. போகும். போகிற அன்று நானும் அண்ணாந்து பார்ப்பேன், கண்கூடக் கலங்கும். அந்த ஆசை என்னை விட்டுப் போகவில்லை என்பதில்தான் எனக்கே என்மேல் ஆத்திரமாக இருக்கிறது.

போன வாரம் அந்த அதிகாரி ஒரு கவர் அனுப்பியிருந்தார். திறப்பு விழா மலரில் என் கதையைப் போடுகிறார்களாம். அச்சுக்குப் போகுமுன் பார்த்து, பிழை இருந்தால் திருத்தி அனுப்பும்படி பணிவாகக் கேட்டிருந்தார். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவையாவது அந்த வரியை அடித்துவிட வேண்டும், அத்தானின் வள்ளத்தையாவது கடலில் போட்டுவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

‘அந்தக் கரையில் யாரும் இல்லை. மணலும் முள்ளும், ஒரு படகுகூட இல்லாத கடலும்தான் இருந்தன.’

இரண்டு மூன்று தடவை வாசித்தேன். எழுதிய அன்று அது பொய். இப்போது அதில் ஓர் எழுத்துக்கூடப் பிழை இல்லை. திருத்தம் ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.