இரண்டு அடிக்கு இழு, நாலு அடிக்கு விடு

செவ்வாய்க்கிழமை ஷிப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே ஏற்றிவரும் கேஜிலிருந்து இறங்கியதும், சவரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்றார்கள். இருமல் நின்றதா என்று கேட்க வாயெடுத்தேன். அது அவர் காதில் விழுந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஊரிகம் லைன் வீடுகளில் அவரை அறியாதவர் இல்லை. பாறையில் துளை போட்டே நெஞ்சில் தூசியை வாங்கிக்கொண்டவர். வேலையை விட்டபின், மூச்சு வாங்குமே என்று கட்டிலில் கிடந்தார். கிடக்கக் கிடக்கக் கிணற்றடிக்குப் போகவே மூச்சு வாங்கியது.

மகள் கலியாணம் நிச்சயமானதும்தான் எழுந்தார். பெண்ணின் அப்பா பாண்டு வாத்தியத்துக்குப் பின்னால் மாதா கோவில்வரை நடப்பது நம் வழக்கம். கோவிலோ மேட்டின்மேல். நாற்காலியில் தூக்கிப் போகலாம் என்றார்கள்.

"நான் இன்னா மாதா சுரூபமா, தூக்கினு போறதுக்கு?" என்றார்.

அன்று முதல் தினமும் நடை. இரண்டு அடிக்கு மூச்சை இழுப்பார். நாலு அடிக்கு, சூடான கஞ்சியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து விடுவார். பேசிக்கொண்டே போகிற வேகம்தான். பேச்சு முறிந்தால் நின்றுவிடுவார். தூசிக் காற்று அடித்தால் வீட்டைவிட்டு வரமாட்டார். "மூச்சு கெஞ்சறதுக்கு முன்னாடியே நின்னுடணும்பா" என்பார்.

பாண்டில் பெரிய டிரம் என்னுடையது. "அண்ணே, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள உங்க பொண்ணு பேரனே எடுத்துடும்" என்பேன்.

"உன்ன மாதிரி வாயாடியா இல்லாம இருந்தா சரி."

ஒரு நாள் விளையாட்டாக அவர் பின்னாலேயே போய் டிரம்மை வேகமாக அடித்தேன். அவரும் ரோஷத்தில் அதற்கு ஈடாக நடந்தார். பாதி மேட்டில் இருக்கிற புளியமரம் தாண்டவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, முழங்காலில் கை ஊன்றி, வெகுநேரம் ஊதினார்.

மூச்சு வந்ததும், "என் மூச்சு பின்னாடி உன் டிரம் வரணும். நான் அது பின்னாடி வரக்கூடாது" என்றார். அவ்வளவுதான்.

கலியாணத்தன்று பின்னோக்கியே நடந்து, அவர் உதட்டைப் பார்த்தே அடித்தேன். இரண்டு, நாலு. பேச்சு முறிகிறதா என்று இடையிடையே வாயைக் கிளறினேன். புளியமரத்தடியில் நின்று ஒரு பாட்டு முழுதாக வாசித்தோம். அவருக்காக நின்றோம் என்று தெரியாமல் ஜனங்கள் விசிலடித்தார்கள். பெண்ணைக் கோவில் வாசல்வரை அவரே நடத்திப் போனார்.

புதன்கிழமை, அதே வழியில் அவர் பெட்டி போனது. முன்னால் டிரம் அடித்துப் போன நான் புளியமரத்தடியில் நின்றேன்.

"இன்னாபா, நின்னுட்ட?" என்றார்கள் பெட்டி தூக்கியவர்கள்.

"அண்ணன் இங்க நிப்பாரு" என்றேன். பெட்டியை இறக்கி வைத்தார்கள்.

போன மழையிலிருந்து எனக்கும் இருமல். தினமும் அந்த மேட்டில் ஏறுகிறேன், டிரம் இல்லாமல். இரண்டு, நாலு. கல் அங்கேதான் கிடக்கிறது. மூச்சு கெஞ்சுமுன் உட்கார்ந்துவிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவே.